பக்கத்துப் படுக்கை

"கூட யாரு வந்திருக்கா?"

மூன்றாவது முறையாகக் கேட்டார்கள். முதல் முறை ஜெபசீலி, "வந்துக்கிட்டிருக்காங்க" என்றாள். இரண்டாம் முறை, "கீழே வண்டி நிறுத்திட்டு வர்றாங்க" என்றாள். மூன்றாம் முறை வலது அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அந்த மருத்துவமனைக்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. திருச்சியில் யாரும் அதைச் சொல்வதில்லை. அரைநாள் ஆஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். குடல்வால், பித்தப்பை, சிக்கிக்கொண்ட குடலிறக்கம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலையில் வருபவரை மூன்று சின்னத் துளைகள் போட்டுச் சரிசெய்து மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வார்டு என்ற ஒன்றே கிடையாது. வார்டின் வேலையை ஒரு நூல் செய்கிறது. அறுவை முடியும்போது வயிற்றுக்குள் வைக்கப்படும் அந்த நூல் உள்ளே இருக்கும் சூட்டையும் கசிவையும் குடலின் சத்தத்தையும் பதினான்கு நாள் கேட்டுக்கொண்டிருந்து, பிறகு தானாகக் கரைந்துவிடும். அது கேட்டதை ஒரு வளையத்துக்கு அனுப்பும். வளையம் நோயாளியின் கையில் இருக்காது. கூட இருப்பவரின் கையில் இருக்கும்.

மக்கள் அந்த வளையத்துக்குக் காப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். திருவிழாவுக்குக் காப்பு கட்டியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. இதைக் கட்டியவரும் பதினான்கு நாள் நோயாளியை விட்டு அகலக் கூடாது.

"எனக்கே கட்டிவிட்டா என்ன டாக்டர்? நான் பார்த்துக்கிட மாட்டேனா?" என்று ஜெபசீலி கேட்டாள்.

டாக்டர் அஃப்ரின் சின்ன வயதுக்காரர். கோபப்படாமல் சொன்னார். "அப்படித்தாம்மா ஆரம்பிச்சாங்க. பேஷண்ட் கையில கட்டினா ரெண்டே ரகம். ஒருத்தர் சும்மா சும்மா ஓடி வருவாரு. இன்னொருத்தர் மஞ்சள் விளக்கு எரிஞ்சாலும், காலையில பார்த்துக்கலாம்னு படுத்துடுவாரு. ரெண்டாவது ரகம்தான் செத்துப் போனாங்க. ஆஸ்பத்திரிக்கே நேரா சேதி வர மாதிரி வெச்சுப் பார்த்தாங்க. ஒரு நாளைக்கு மூவாயிரம் மணி அடிச்சுது, பார்க்க ஆள் இல்ல. கடைசியில கூட இருக்கறவங்கதான் சரியா வந்தாங்க. தனக்கு வராத பதற்றம் அடுத்தவங்களுக்குன்னா வருது."

"யாரும் இல்லாதவங்க?"

"அவங்களுக்குப் புதுக்கோட்டை ரோட்டுல தனியர் நிலையம் இருக்கு. ஏழு நாள் வெச்சுப் பார்ப்பாங்க. ஆனா நாளைக்கு மத்தியானம்தான் இடம் காலியாகுது. உங்க குடல்வால் அதுவரைக்கும் வெடிக்காம இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

ஜெபசீலிக்கு வயது நாற்பத்தொன்பது. மூன்று வருடம் முன்பு அம்மா படுத்தபோது பத்தொன்பது நாள் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கியவள். அதற்கு முன்பு பெரியம்மாவுக்கு, தம்பி மனைவியின் பிரசவத்துக்கு, சொந்த ஊர் சாயர்புரத்தில் சபை குருவானவருக்குக்கூட. யார் படுத்தாலும் குடும்பத்தில் கூப்பிட்டது அவளைத்தான். கூட இருப்பவராக அவள் போட்ட கையெழுத்துகளை எல்லாம் சேர்த்தால் ஒரு நோட்டுப் புத்தகம் ஆகும். தம்பி ஆக்லாந்தில் இருந்தான். மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். துவாக்குடியில் இரண்டு அறை வீட்டில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நீதிமன்ற வாக்குமூலங்களை இயந்திரம் சரியாக எழுதியிருக்கிறதா என்று வரிவரியாகச் சரிபார்ப்பது அவள் வேலை. நாள் முழுக்க மனிதக் குரல்கள். ஒன்றும் அவளிடம் பேசுவதல்ல.

பக்கத்துப் படுக்கையில் விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் சாய்ந்திருந்தார். பெயர் உமாபதி. ஐம்பத்தேழு வயது. லால்குடி தாண்டிக் கொள்ளிடக் கரையில் நீரேற்று நிலையத்தில் வேலை. பித்தப்பை வீங்கிப் பழுத்திருந்தது. மனைவி பேத்தி பிறந்தபோது மெல்பர்ன் போனவர், நான்கு வருடமாக "அடுத்த மாசம் வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இது அவராகச் சொன்னது அல்ல. அவரிடமும் மூன்று முறை கேட்டு, மூன்றாவது முறை இந்தக் கதை வெளியே வந்தது.

டாக்டர் நகர்ந்ததும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு நான் கையெழுத்துப் போடறேன். எனக்கு நீங்க போடுங்க."

ஜெபசீலிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

"ரெண்டு பேருமே நோயாளின்னு கண்டுபிடிக்க மாட்டாங்களா அண்ணாச்சி?"

"படிவத்துல அப்படி ஒரு கேள்வி இல்ல. நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன்." பிறகு சொன்னார்: "அண்ணாச்சின்னு கூப்பிடாதீங்க. நான் மளிகைக் கடை வெச்சிருக்கேன்னு நினைச்சுக்குவாங்க."

உறவு என்ற கட்டத்தில் அவர் அண்ணன் என்று எழுதினார், அவள் தங்கை என்று எழுதினாள். ஜெபசீலிக்கு உமாபதி எப்படி அண்ணன் ஆனார் என்று முகப்பில் இருந்த பெண் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். "பெரியம்மா கல்யாணம் அந்த மாதிரி" என்றாள் ஜெபசீலி. அந்தப் பெண் முத்திரை குத்தினாள்.

இருவருக்கும் அறுவை முடிந்து, மாலை ஐந்து மணிக்குக் காப்பு கட்டும் அறையில் இருபது பேர் இருந்தார்கள். சிஸ்டர் ஷர்மிளா முன்னால் இருந்த நாற்காலியில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பழைய வார்டுகளில் பல வருடம் வேலை பார்த்தவள் அவள். தலை நிமிராமல் வேலை ஓடும். "பேஷண்ட் பேரு?" என்று கேட்பாள், தட்டிலிருந்து எண்ணைப் பார்த்து ஒரு காப்பை எடுப்பாள், மணிக்கட்டில் பூட்டுவாள். காப்பில் பெயர் கிடையாது, எண் மட்டும். ஜெபசீலியின் முறை வந்தபோது மயக்க மருந்தின் மிச்சத்தில் நாக்கு தடித்திருந்தது. கேட்டதற்குப் பேரைச் சொன்னாள். பூட்டு கிளிக் என்றது. அடுத்து உமாபதி. அவரும் பேரைச் சொன்னார். கிளிக்.

பச்சை விளக்கு என்றால் நலம். மெல்ல இரண்டு தட்டு தட்டினால் வயிறு காலி, ஆகாரம் கொடுக்கலாம். நீளமாக ஒரு தட்டு என்றால் காற்றுப் பிரிந்துவிட்டது, குடல் வேலை செய்கிறது. மஞ்சள் எரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் நோயாளியை அழைத்து வர வேண்டும். சிவப்பு எரிந்தால் ஆம்புலன்ஸ் தானாக வரும். சிஸ்டர் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "அடுத்து" என்றாள்.

சத்திரம் பேருந்து நிலையம்வரை இருவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். இறங்கியதும் கைபேசி எண்களைக் குறித்துக்கொண்டார்கள். தினம் காலை எட்டு மணிக்கு அவர் அழைத்து அவள் வயிற்றின் நிலையைச் சொல்வது, அவள் அவருடைய வயிற்றின் நிலையைச் சொல்வது என்று ஏற்பாடு. அவர் லால்குடிக்குப் போனார். அவள் துவாக்குடிக்கு.

மறுநாள் மத்தியானம் காப்பு நீளமாக ஒரு தட்டு தட்டியது. ஜெபசீலி உடனே அழைத்தாள்.

"அண்ணாச்சி, வந்து... காத்துப் பிரிஞ்சிருச்சு. இனி கஞ்சி குடிக்கலாம்."

"அப்படியா? எனக்கே தெரியலையே. தூக்கத்துல போயிருக்கும்." பிறகு அவரும் சங்கடத்தோடு சொன்னார்: "உங்களுக்கு இன்னும் ஆகலம்மா. பொறுமையா இருங்க, எதுவும் சாப்பிட்டுடாதீங்க."

"சரி அண்ணாச்சி" என்றாள். அவளுக்குக் காற்றுப் பிரிந்ததாகத்தான் தோன்றியது. ஆனால் கருவி சொல்லாததை வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. சாயங்காலம் அவர் அழைத்து, "ஆயிடுச்சும்மா" என்று சொன்ன பிறகுதான் கஞ்சி வைத்தாள்.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு இடது மணிக்கட்டைக் காதருகே வைத்துக்கொள்வாள். காப்பு சத்தம் எதுவும் போடாது. ஆனாலும் உள்ளே யாரோ நடமாடுவது போல ஒரு நடுக்கம் தெரியும். பகல் பன்னிரண்டரைக்கு இரண்டு தட்டு. அண்ணாச்சிக்குப் பசிக்கிறது என்று எழுந்திருப்பாள். அவர் அங்கே தனியாக என்ன சமைப்பாரோ என்று நினைத்துக்கொண்டே இங்கே அடுப்பைப் பற்ற வைப்பாள். தட்டை எடுத்து உட்கார்ந்ததும் கொஞ்ச நேரத்தில் தட்டுவது நிற்கும். அவரும் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். ரசம் சாதமும் அப்பளமும்தான். மூன்று வருடமாக அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டவள், இப்போது மேசையைத் துடைத்துத் தண்ணீர் எடுத்து வைத்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

காலை எட்டு மணிப் பேச்சு மூன்று நிமிடத்துக்குமேல் போகாது. அவர் நிலையத்தின் தண்ணீர் மட்டத்தைச் சொல்வது போல, "உங்க வயிறு நல்லா இருக்கு, பச்சை" என்பார். அவள், "உங்களுக்கும் பச்சைதான்" என்பாள். ஒரு நாள் அவர், "நேத்து ராத்திரி லேட்டா சாப்பிட்டீங்க போலிருக்கே, எட்டரைக்குத் தட்டுச்சு" என்றார். அவள் ஏழு மணிக்கே சாப்பிட்டிருந்தாள். ஆனால் தான் எப்போது சாப்பிட்டோம் என்று ஒருவர் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள். மறுத்துப் பேச மனம் வரவில்லை. "ஆமா, வேலை இழுத்துட்டு" என்றாள்.

ஆறாம் நாள் காலையில் வலப்பக்கம் அடியில் ஒரு பிடிப்பு இருந்தது. உடம்பும் லேசாகச் சுட்டது. எட்டு மணிக்கு அவர் அழைத்தார். "பச்சைம்மா. இன்னைக்கு நான் டியூட்டிக்குப் போறேன், மீட்டர் பார்க்கிற வேலைதான்." பச்சை என்ற பிறகு என்ன இருக்கிறது? துணி துவைத்ததில் பிடித்திருக்கும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

பதினோரு மணிக்குக் காப்பு மஞ்சளாக எரிந்தது.

ஜெபசீலி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். நான்காவது முறையும் யாரும் எடுக்கவில்லை. காப்பின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் ஆஸ்பத்திரியில் இருந்து பேசுவார்கள். நோயாளியைக் காட்டுங்கள் என்பார்கள். காட்ட அவர் இங்கே இல்லை. பொய் தெரிந்துவிடும். பொய்க் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இனி எந்த அரைநாள் ஆஸ்பத்திரியிலும் இடமில்லை என்று படிவத்தின் அடியில் இருந்தது. அடுத்த முறை வயிறு வலித்தால் இருவருமே தனியர் நிலையத்தின் வரிசையில் நிற்க வேண்டும்.

ஆறு மணி நேரம் இருக்கிறது. லால்குடிக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். போய்ப் பார்ப்போம், அங்கேயும் ஆள் கிடைக்காவிட்டால் பொத்தானை அழுத்தி உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தாள். வாக்குமூலம் போல மனதுக்குள் ஒரு முறை சொல்லியும் பார்த்தாள்: எங்களுக்குள் எந்த உறவும் இல்லை. நாங்கள் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை.

இரண்டாவது பேருந்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் வலது பக்கம் கத்தி வைத்தது போல வெட்டியது. வியர்த்தது, பிறகு குளிர்ந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அந்த மனிதர் மோட்டார் அறையில் எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண், "அக்கா, உக்காருங்க, முகமே சரியில்ல" என்று எழுந்து இடம் கொடுத்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல, எங்க அண்ணாச்சிக்குத்தான் முடியல" என்றாள் ஜெபசீலி. சொன்ன பிறகுதான், எங்க என்று சொன்னது காதில் விழுந்தது.

நீரேற்று நிலையம் கொள்ளிடக் கரையில் ஒற்றையாக நின்றது. வாசலில் ஒரு ஸ்டூல், அதன் மேல் கைபேசி. அவளுடைய அழைப்புகள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. உள்ளே மோட்டார் இரைச்சல். அவள் இரும்புக் கதவைக் கையால் அறைந்தாள்.

உமாபதி கதவைத் திறந்தார். கையில் டிபன் பாக்ஸ் மூடி, வாயில் சாப்பாடு.

"என்னம்மா இவ்வளவு தூரம்?"

"உங்களுக்கு மஞ்சள் எரியுது. கிளம்புங்க."

"எனக்கா? ஒண்ணும் இல்லையே." வயிற்றைத் தட்டிக்காட்டினார். "நல்லாப் பசிச்சு இப்பத்தான் சாப்பிடறேன். நீங்களும் நல்லாத்தான் இருக்கீங்க, இதோ பச்சை." தன் மணிக்கட்டை நீட்டினார்.

இரண்டு மணிக்கட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். நலமாக நிற்பவர் அவர். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்.

வாக்குமூலங்களை வரிவரியாகச் சரிபார்த்தே பழகியவள் ஜெபசீலி. ஆறு நாள் முந்தைய அந்த அறையை மனதுக்குள் பின்னோக்கி ஓட்டினாள். சிஸ்டர் கேட்டது: பேஷண்ட் பேரு? பதில் சொன்னவர்: ஜெபசீலி. சொன்ன பெயர்: ஜெபசீலி.

"அண்ணாச்சி, அந்த அறையில உங்ககிட்ட பேஷண்ட் பேரு கேட்டாங்கள்ல? நீங்க யார் பேரைச் சொன்னிய?"

அவர் யோசித்தார். "என் பேரைத்தான். நான்தானே பேஷ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

அவள் ஸ்டூலில் உட்கார முயன்று, அது முடியாமல் தரையிலேயே உட்கார்ந்தாள்.

அவர்தான் ஆட்டோ பிடித்தார். வழியில் அவள் காப்பின் பொத்தானை அவரே அழுத்தி, எதையும் மறைக்காமல் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் வழக்கமான கேள்வி வந்தபோது, "நான்தான் வந்திருக்கேன்" என்றார். படிவத்தில் உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: பக்கத்துப் படுக்கை.

குடல்வாலை வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் சீழ் கோத்திருந்தது. டாக்டர் அஃப்ரின் மறுபடி அதே துளைகள் வழியாகக் கழுவி, வடிய ஒரு குழாய் வைத்தார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் வயிறு முழுக்கப் பரவியிருக்கும் என்று உமாபதியிடம் சொன்னார். திரும்பி வருகிறவர்களுக்கென்று அங்கே நான்கு படுக்கைகள் இருந்தன. அவளை அதில் ஒன்றில் போட்டார்கள்.

கண் விழித்தபோது சிஸ்டர் ஷர்மிளா பக்கத்தில் நின்றாள். இந்த முறை தலை நிமிர்ந்திருந்தாள்.

"நீங்க பொய் சொன்னது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "ஒரே காலையில அறுத்து, ஒரே வண்டியில தள்ளிட்டு வந்தது நாங்கதானே? இந்த மாசத்துல உங்களை மாதிரி ஒன்பது ஜோடி. யாரும் யாரையும் முன்னப்பின்ன பார்த்தது கிடையாது. எல்லாரும் அண்ணன் தங்கை, மாமா மருமகன். டாக்டரம்மா தெரியாத மாதிரி இருக்காங்க. நானும் அப்படித்தான் இருந்தேன்." குரல் இறங்கியது. "ஆனா நாற்காலியில உக்காந்திருக்கறவங்களே பேஷண்டா இருந்தா அந்தக் கேள்வியை எப்படிக் கேக்கணும்னு நான் யோசிக்கல. அது என் தப்பு. மத்த எட்டு ஜோடிக்கும் நீங்க வந்ததிலேருந்து போன் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"அவங்களுக்கும் மாத்தித்தான் கட்டியிருக்கா?"

"இதுவரைக்கும் அஞ்சு ஜோடிக்கு." சிஸ்டர் அவளுடைய காப்பையும் உமாபதியுடையதையும் கழற்றி, எண்ணை இரண்டு முறை படித்து, இடம் மாற்றிப் பூட்டினாள். "ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும். உங்க ரெண்டு பேர் பேரும் தனியர் பட்டியல்ல போயிடும். எழுதறதை டிஸ்சார்ஜ் அன்னைக்கு எழுதறேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

அவள் போன பிறகு ஜெபசீலி மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மெதுவாகத்தான் அது உறைத்தது. பன்னிரண்டரை மணிக்குத் தட்டிய பசி அவளுடையது. அவள் உட்கார்ந்ததும் நின்றது அவள் சாப்பிட்டதால். காதருகே வைத்துக் கேட்ட அந்த நடமாட்டத்தில் யாரும் இல்லை. ஆறு நாளும் மேசையைத் துடைத்து, தண்ணீர் எடுத்து வைத்து, அவள் தனக்குத் தானே துணை இருந்திருக்கிறாள்.

படுக்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உமாபதி உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலி அவளுக்கு நன்றாகத் தெரியும். எங்கே குத்தும், எப்படிச் சாய்ந்தால் கொஞ்சம் கண் அயரலாம் என்பதெல்லாம். அதில் உட்காராமல் அதைப் படுக்கையிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் முறை.

அவள் கையில் இப்போது இருப்பது அவருடைய வயிறு. பச்சையாக எரிந்தது. காத்திருந்தாள். வெகுநேரம் எதுவும் வரவில்லை. அவள் மூக்கில் குழாய் இருந்தது. தனக்கு இன்னும் இரண்டு நாள் பசி என்று ஒன்று இருக்கப்போவதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சாயங்கால வெயில் சுவரில் ஏறும் நேரத்தில் காப்பு மெல்ல இரண்டு தட்டு தட்டியது.

"அண்ணாச்சி, மத்தியானம் பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்திய. அப்புறம் ஏதாவது சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேனே. கேன்டீன்ல ரெண்டு இட்லி."

இரண்டு தட்டு மறுபடி.

"பொய் சொல்லாதிய" என்றாள்.

அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு அவளுடையதை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவருகே போய்த் திரும்பி, "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றார்.

அவர் போன பிறகும் காப்பு தட்டிக்கொண்டே இருந்தது. அவள் அதைக் காதருகே கொண்டுபோகவில்லை. மார்பின்மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். கால் மணி நேரம் கழித்துத் தட்டுவது நின்றது. இட்லிதான் கிடைத்திருக்க வேண்டும்.